ஆரம்பாக்கத்தில் நாலு போர்ஷன்

காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பாக்கம் பஜாரில் நின்றால், இந்த ஊரில் வாடகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். நெடுஞ்சாலை ஓரம் கம்பெனி பஸ்ஸுக்காகக் கூட்டம் நிற்கும். சிலர் வடக்கே எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போகிறவர்கள், சிலர் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு. அதே நேரத்தில் நொச்சிக்குப்பம் பக்கமிருந்து இறாலும் நண்டும் ஆட்டோவில் வந்து இறங்கும். எங்கள் வீட்டுக்காரர் கூடைகளைப் பார்த்து நிற்பார். நான் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்ப்பேன். அவருக்கு இறால் வியாபாரம், எனக்கு நாலு போர்ஷன்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆவண எழுத்தரிடம் பத்திரம் டைப் அடிப்பது என் வேலையாக இருந்தது. டைப்ரைட்டரில் தொடங்கி கம்ப்யூட்டரில் ஓய்ந்தேன். அடுத்தவர் வாங்கியது, விற்றது, ஏமாந்தது எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. அதனால் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், “அக்கா, ரெண்டு ரூம் கட்டி விட்டா எவ்வளவு வாடகை வரும்?” என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். துபாயில் பிள்ளை இருக்கிற வீடு, படகை விற்ற வீடு, ரிட்டயர்மென்ட் பணம் வந்த வாத்தியார் வீடு என்று எல்லாருக்கும் அதே கேள்விதான். அதைக் கடைசியில் கேளுங்கள் என்பேன். மண் யாருடையது, தண்ணீர் எப்படி, வரப்போகிற ஆள் யார் என்று பார்த்த பிறகுதான் வாடகைக்கு ஒரு தொகை சொல்ல முடியும்.

ஆரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது. சென்னை–கூடூர் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ரயில் நிலையம் இதுதான், அடுத்த தடா ஆந்திராவில். கிழக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே நெடுஞ்சாலை. 2008இல் ஸ்ரீசிட்டி வரும்வரை இங்கே வாடகை வீடு என்பது வாத்தியாருக்கும் போலீஸ்காரருக்கும் விடுவது. இசுசு, ஃபாக்ஸ்கான், டைகின், கெல்லாக்ஸ் என்று கம்பெனிகள் வந்த பிறகு மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில்கூட லைன் வீடு எழும்பியது. வேலை ஆந்திராவில், படுக்கை தமிழ்நாட்டில் என்று வாழ்கிறவர்கள் எங்கள் குடித்தனக்காரர்கள். வேலை போனாலோ, கம்பெனி தன் ஆட்களுக்கு வேறு ஊரில் தங்க இடம் கொடுத்தாலோ ஒரே மாதத்தில் காலி செய்துவிடுவார்கள். நம் வருமானம் நாம் ஓட்டுப் போடாத மாநிலத்தின் தொழிற்கொள்கையில் தொங்குகிறது. இதை முதலிலேயே ஜீரணித்துக்கொள்வது நல்லது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், என் தொழில் அது.

நெடுஞ்சாலையில் கலர் கொடி நட்டு, “ஸ்ரீசிட்டிக்கு மிக அருகில்” என்று போர்டு வைத்து மனை விற்பார்கள். சென்னையிலிருந்து வேனில் அழைத்துவந்து பிரியாணி போடுவார்கள். பிரியாணியைச் சாப்பிடுங்கள், அட்வான்ஸை மட்டும் அன்றைக்கே கொடுக்காதீர்கள். சர்வே எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த எண் இருந்தால் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பலர் பட்டாவோடு நின்றுவிடுகிறார்கள். ‘அ’ பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள் என்பது என் பிடிவாதம். நிலம் எந்த வகை, புறம்போக்கா, நிபந்தனையோடு கொடுத்ததா என்பதற்கான தடயம் அங்கேதான் கிடக்கும்.

எங்கள் பக்கம் இது ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், தலித் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892இல் அவர்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அதே பிரிவினருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் எங்கள் ஊர்களும் இருந்தன. அந்த நிலத்தை வேறு யாராவது வாங்கி, அதில் எத்தனை மாடி கட்டினாலும் அடித்தளம் ஆட்டம்தான். நிலத்தை இழந்தவர்களின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. வாடகை வருமானத்துக்காக அதில் போய் விழாதீர்கள்.

அடுத்தது அங்கீகாரம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோது, எங்கள் அலுவலகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். டீக்கடைக்காரர்கூட வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினார். 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதியைக் கோடாக வைத்து, அதற்கு முந்தைய மனைகளுக்கு ஒரு வழி திறந்தார்கள். இன்றும் பழைய மனை வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் தாள் அந்த வரன்முறை ஆணை. அது இல்லாவிட்டால் விற்கும்போது நீங்களும் அதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வில்லங்கச் சான்று குறைந்தது 30 ஆண்டுக்குப் போடுங்கள். அதில் பதிவானது மட்டும்தான் தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத உயில், பாகம் கொடுக்காமல் விட்ட அக்கா தங்கை எதுவும் தெரியாது. ஆகவே பக்கத்து நிலத்துக்காரரிடம் போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். ஊரில் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கேட்டால் இன்னும் நல்லது. எந்தச் சார்பதிவாளரிடமும் இல்லாத ரெக்கார்டு அங்கே இருக்கும்.

ஏரிக்கரைப் பக்கம் மனை தேடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்பகுதி நம்மிடம். நம் பக்கத்து ஏரியைத் தமிழ்நாடு அரசு 1980இல் பறவைகள் சரணாலயமாக்கியது. அலை ஏறி இறங்கும் உவர்நீர்ப் பகுதியின் கரை என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. 1991, 2011, 2019 என்று அறிவிக்கைகள் மாறியிருக்கின்றன. 2019 அறிவிக்கை, ஊர் மக்கள் தாங்கள் இருக்கிற வீட்டின் அளவையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்க வைக்க இடம் கொடுக்கிறது. மீனவர் வீட்டுக்காகத் தந்த சலுகை அது. சென்னைக்காரர் வந்து ரிசார்ட் கட்டுவதற்கான வாசல் என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். பூநாரை வரும் மாதங்களில் சனி ஞாயிறு கூட்டம் வரும், மீதி நாளில் உப்புக்காற்றுதான் குடியிருக்கும். நான் பஜாருக்கு மேற்கேதான் வாங்கினேன். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரம் என்பதுதான் அந்த மனையின் அழகு.

இந்த இடத்தில் ஓர் ஆறுதல் செய்தி. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம், முதல் தளம் மட்டும் கட்டுகிற குடியிருப்புக்கு, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையம் வழியாகவே உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்பு பிளான் அனுமதிக்காக அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ‘கிராமம்தானே, யார் கேட்பார்கள்’ என்று அனுமதி இல்லாமல் கட்டுவதற்கு இனிமேல் சாக்குக் கிடையாது.

இனித் தண்ணீர். எங்கள் ஊரில் போர் போட்டால் எந்த ஆழத்தில் என்ன வரும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஏரியை நெருங்க நெருங்க உப்பு. தெற்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே வந்த கதை பாடப்புத்தகத்திலேயே வரும் அளவுக்குப் பிரபலம். ஆகவே மனை வாங்கும் முன்பே பக்கத்து வீட்டு மோட்டார்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குழாய் அடைத்துக்கொள்ளும், குடியிருக்கிற பெண்களுக்கு முடி கொட்டுகிறது என்ற பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சு தொடங்கிய வீட்டில் குடும்பம் தங்காது. குடிக்க எல்லாரும் கேன் தண்ணீர்தான் வாங்குகிறார்கள், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. குளிக்கிற தண்ணீரை வைத்துத்தான் வீட்டை எடைபோடுகிறார்கள்.

ஷிப்ட் முடிந்து இரவு வருகிறவனும், விடியலில் கிளம்புகிறவனும் ஒரே தொட்டியில் குளிக்கிறார்கள். நாலு போர்ஷனுக்கு ஒரே ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்துவிட்டு, “ஏன் சண்டை வருது?” என்று ஓனர்கள் கேட்பது வேடிக்கை. எங்கள் வீட்டில் போர்ஷனுக்கு ஒரு தொட்டி. செலவு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பஞ்சாயத்துப் பேச நான் எழுந்து போவதில்லை.

கரண்ட்டும் அப்படித்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு. எட்டு குடும்பத்தை ஒரே மீட்டரில் தொங்கவிட்டு, உள்ளே சப் மீட்டர் மாட்டினால் மொத்த யூனிட்டும் மேல்படிக்குப் போய்விடும், இலவச யூனிட்டும் எட்டில் ஒருவருக்குத்தான். அந்த நஷ்டத்தை ஓனர் குடித்தனக்காரர் தலையில் கட்டி யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலிப்பார். பக்கத்துத் தெருவில் தனி மீட்டர் வைத்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு எவ்வளவு வருகிறது என்பதை ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிற பையன்கள் பேசிக்கொள்ள மாட்டார்களா? வாடகையை இருநூறு ரூபாய் கூட்டிக் கேளுங்கள், மறுக்காமல் தருவார்கள். கரண்ட்டில் லாபம் பார்த்தால் மதிப்புப் போய்விடும். கட்டும்போதே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடுப்படி, தனி வாசல் வைத்து, தனி இணைப்பு வாங்கிவிடுங்கள்.

கட்டடத்தைப் பற்றி மேஸ்திரிகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் மேஸ்திரி சொல்லத் தயங்குகிற சிலவற்றை நான் சொல்லலாம். உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலக்க விடாதீர்கள், உள்ளே இருக்கிற கம்பியை அது தின்றுவிடும். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குகிற செலவைப் பார்த்து முகம் சுளித்தவர்களின் சன்ஷேடு, சில வருடத்தில் பாளம் பாளமாக விழுவதைப் பார்த்திருக்கிறேன். கம்பிக்கு மேல் நிற்கும் கான்கிரீட் கனத்தைக் குறைக்க விடாதீர்கள், கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று சென்டரிங் மேல் ஏறிப் பாருங்கள். இரும்புக் கிரில்லுக்கு வருடாவருடம் பெயிண்ட் அடிக்க வேண்டிவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை எந்த மட்டம்வரை நின்றது என்று தெருவில் கேட்டு, அதற்கு மேலே தரைமட்டத்தை ஏற்றுங்கள். சிமெண்ட் ஷீட் கூரை மலிவுதான், மே மாதம் உள்ளே படுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பகலில் தூங்குகிற நைட் ஷிப்ட்காரன் அந்தக் கூரையின் கீழ் ஒரு கோடையைத் தாண்ட மாட்டான். ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். ஏரிக்காற்று வருகிற ஊரில் அதற்குச் செலவழித்த பணம்போல எனக்கு வேறெதுவும் திரும்பி வந்ததில்லை.

இப்போது ரூபாய்க்கு வரலாம். பேச்சுக்கு ஒரு கணக்கு. மனையும் கட்டடமுமாக 30 லட்சம், நாலு போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் மாதம் 5,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,40,000. ஒவ்வொரு போர்ஷனும் வருடத்தில் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் 40,000 போய்விடும். இங்கே அது அதிகப்படியான பயம் கிடையாது. வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் லாரி, வெள்ளையடிப்பு என்று 30,000 எடுத்து வையுங்கள். மிச்சம் 1,70,000. முப்பது லட்சத்துக்கு அது ஆறு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இதில் 20 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு பேங்க்கில் வாங்கியிருந்தால், முதல் வருட வட்டியே ஏறக்குறைய 1,80,000. அசல் வேறு. அதாவது வாடகை கடனைக் கட்டாது, சம்பளத்திலிருந்தோ இறாலிலிருந்தோதான் கட்ட வேண்டும். “வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும்” என்று யார் சொன்னாலும் ஒரு தாளும் பேனாவும் எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.

அப்படியானால் ஏன் கட்ட வேண்டும்? மனை விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்று. வயதான காலத்தில் மாதாமாதம் கையில் விழும் காசு இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான். ஆகவே கடன் வாங்காமல், முதலில் இரண்டு போர்ஷன், பிறகு இரண்டு என்று கட்டினேன். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆறு மாதத் தவணையைத் தனியாகப் போட்டு வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அந்த ஆறு மாதம் ஏன் என்பதற்கு 2020ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் ஊரடங்கில் மாநில எல்லையை அடைத்தார்கள். கம்பெனி பஸ் நின்றது. மே மாதம் எங்கள் நெடுஞ்சாலையில் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் மூட்டையோடு நடந்து போனவர்களை இந்த ஊர் பார்த்தது. புலம்பெயர் தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக்கூடாது என்று மார்ச் 29ஆம் தேதியே மத்திய உள்துறை அமைச்சகம் ஆணை போட்டிருந்தது. ஆணை இல்லாவிட்டாலும் அப்போது யாரிடம் போய்க் கேட்பது? வட்டி மட்டும் நிற்கவில்லை. கடன் வாங்கிக் கட்டிய சிலர் பாதியிலேயே விற்றார்கள், வாங்கியவர்கள் கடனில்லாதவர்கள்.

வருமான வரிக்கு வருகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வாடகை வருமானத்தில் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்பு என்று சட்டமே கழித்துக்கொள்ள விடுகிறது. பில் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வீட்டு வரி ரசீது வேண்டும். ஊராட்சியில் வரியை நிலுவை இல்லாமல் கட்டுகிறவருக்கு வேறு வேலையும் சுலபமாக நடக்கும்.

போக்கியம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. மூன்று லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு, போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போவார்கள். மகள் கல்யாணத்துக்கு நிற்கிற ஓனருக்கு அந்தப் பணம் அமிர்தம்போல இருக்கும். அது கடன்தான், வட்டிக்குப் பதிலாக வீட்டைக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்க வழி தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. போனால் பதிவு செய்துதான் போக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி மடித்து வைத்ததை நம்பிய இரண்டு தரப்பும் கடைசியில் வக்கீலுக்குத்தான் பணம் கொடுத்தார்கள்.

ஒப்பந்தம் என்றதும் எங்கள் ஊர் ஓனர்களுக்கு ஒரு பயம் வரும். “எழுதிக் கொடுத்தா வீட்டையே எழுதி வாங்கிடுவான்மா” என்பார் பெரியவர். உண்மை இதற்கு நேர்மாறு. வாடகைக்காரராக உள்ளே வந்தவர், எத்தனை வருடம் இருந்தாலும், ‘இது என் வீடு’ என்று ஓனருக்கு எதிராகப் பேசச் சட்டம் விடாது. ஆனால் அவர் வாடகைக்காரராகத்தான் வந்தார் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். காட்டுவதற்கு இருப்பது அந்தத் தாள்தான். எழுதாமல் விட்டவர்தான் பயப்பட வேண்டும்.

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017இல் தமிழ்நாடு அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளரும் வாடகைதாரரும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தனியாக வேறு பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டுக்குள் போய்ப் பார்க்க 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். என்ன சண்டையாக இருந்தாலும் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக்கூடாது. நகரங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் இது. உங்கள் வீடு ஊராட்சி எல்லைக்குள் இருந்தால், பொருந்துமா என்று வாடகை அதிகாரியின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டாலும் இந்த விதிகளை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள யாரும் தடுக்கவில்லை. நான் எழுதுகிறேன். கூடவே, எத்தனை பேர் தங்குவார்கள், வாடகை வருடத்துக்கு எவ்வளவு ஏறும், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற மூன்றையும் வெறும் தமிழில், குடித்தனக்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதுவேன். ஒடியாப் பையன் என்றால் அவன் சூப்பர்வைசரை வைத்துப் படித்துச் சொல்லச் சொல்வேன்.

ஆதார் நகல் வாங்கி, காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் என்று ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, குடியிருப்பவர் விவரம் தர வேண்டும் என்று சென்னைப் போலீஸ் ஆணையிட்டது. அதிலிருந்து வடநாட்டுக்காரன் என்றாலே முகம் திருப்புகிற வழக்கமும் வந்தது. எனக்கு அது பிடிப்பதில்லை. என் குடித்தனக்காரர்களில் முதல் தேதி விடிந்ததும் ஜிபேயில் பணம் போடுகிறவர்கள் அந்தப் பையன்கள்தான். “ஆன்ட்டி, டேங்க்ல தண்ணி நை” என்று அவன் சொல்கிற தமிழ், என் இந்தியைவிட எவ்வளவோ மேல்.

எங்கள் ஊரிலேயே ‘சைவம் மட்டும்’ என்று போர்டு மாட்டிய வீடுகள் உண்டு. பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் வாசம் ஆகாது என்கிறவர் எதை நம்பி இங்கே கட்டினாரோ! குப்பத்துப் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய் பஜாருக்குள் வீடு தேடும்போது, இந்த ‘வாசம்’ வேறு எதையோ மறைக்கிற சாக்கு என்பது அவர்களுக்கும் தெரியும். போர்ஷன் காலியாகக் கிடக்கிற மாதங்களில் அந்த போர்டின் விலை என்ன என்று கணக்குப் போட்டால் ஓனருக்கும் தெரியும்.

குடும்பம், தனி ஆண்கள், காண்ட்ராக்டர் என்று மூன்று விதமாகக் கேட்பார்கள். குடும்பம் நீண்ட நாள் இருக்கும், வாடகை ஏற்றினால் முணுமுணுக்கும். பையன்கள் அடிக்கடி மாறுவார்கள், பணம் சரியாக வரும். எச்சரிக்கை வேண்டியது காண்ட்ராக்டரிடம். மொத்த வீட்டையும் நானே எடுத்துக்கொள்கிறேன், மாதம் ஒரே செக் என்பார். கேட்க இனிக்கும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள். பெங்களூரு நெடுஞ்சாலையையே மறித்துப் போராட்டம் நடந்தது. அதற்குப் பிறகுதான் தொழிலாளர் எப்படிப் படுக்கிறார்கள், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்பதை வெளியே இருப்பவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். வல்லம் வடகாலில் சிப்காட்டே 18,720 பேர் தங்கும் விடுதி கட்டி 2024இல் திறந்தது. நம் ஊருக்கும் அப்படி ஒன்று வந்தால் நம் போர்ஷன்கள் என்ன ஆகும் என்று ஓனர்கள் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காண்ட்ராக்டருக்கு விட்டால், ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதை எண்ணிக்கையில் எழுதுங்கள். ஆறு பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்க் இருபது பேரைத் தாங்காது. நிரம்பினால் ஓடுவது உங்கள் போர்வெல் பக்கம்தான். பெண்களுக்கான விடுதியாக நடத்தினால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவு கட்டாயம். வெறும் வீட்டு ஒப்பந்தம் போதாது. ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனி குடியிருப்பு வீட்டை எடுத்தால், 2022 ஜூலை 18 முதல் வாடகைக்கான 18 சதவீத ஜிஎஸ்டியைக் கட்டுவது கம்பெனியின் பொறுப்பு. அதை உங்கள் வாடகையில் கழித்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக அட்வான்ஸ். அதை நான் வீட்டுச் செலவில் கலப்பதில்லை, தபால் நிலையத்தில் ஒரு தனிக் கணக்கில் கிடக்கிறது. குடிவரும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுப்போம், மீட்டர் அளவையும் எடுப்போம். போகும் நாளில் அதே படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு நடப்போம். ‘பெயிண்ட் காசு’ என்று மொத்தமாக ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். குடியிருந்தால் சுவர் அழுக்காகத்தான் ஆகும், அதற்குத்தானே மாதாமாதம் வாடகை வாங்கினோம்? ஆணி அடித்த ஓட்டைக்கு நான் எதுவும் பிடிப்பதில்லை. உடைந்த வாஷ்பேசினுக்குப் பிடிப்பேன், கடை பில்லைக் காட்டிவிட்டுப் பிடிப்பேன். புதிய சட்டம் ஒரு மாத அவகாசம் தருகிறது. சாவி கைக்கு வந்த அன்றே மீதியை அனுப்பிவிடுவது எனக்கு வசதி. அப்படித்தான் சூலூர்பேட்டைக்கு மாறிப்போன ஒரு பையன், பெட்டியைத் தூக்கும் முன்பே தன் லைனில் வேலை பார்க்கிற இன்னொருவனை அழைத்துவந்து வீட்டைக் காட்டிவிட்டான். டு-லெட் போர்டு மாட்டவே வேண்டியிருக்கவில்லை.